வட்டத்தில் ஒரு கை

பொங்கலுக்கு முந்தின வாரம் அது. வீட்டில் இருந்த கம்பளி, ஜமுக்காளம், தலையணை உறை எல்லாவற்றையும் மோட்டார்த் தொட்டியில் போட்டு அலசிவிட்டு, மீனம்மாளும் சேவுகனும் ஒரு கம்பளியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் இந்த ஒரு வேலை மட்டும் சேவுகனுக்குப் பிடிபடவில்லை. மீனம்மாள் எந்தப் பக்கம் முறுக்குகிறாளோ அதே பக்கம் அவரும் முறுக்குவார். கம்பளி முறுக்கேறாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும்.

"நான் இங்கிட்டு முறுக்குனா நீங்க அங்கிட்டு முறுக்கணும். எத்தன தடவ சொல்றது?"

"அங்கிட்டுத்தானே முறுக்குறேன்."

"உங்க அங்கிட்டு வந்து என் இங்கிட்டுல நிக்கிது."

சேவுகன் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவள் பக்கத்து முனை கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. துவைத்த துணி மண்ணில் பட்டால் அன்று முழுக்கப் புலம்புகிறவள், குனிந்து அதை எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் சேவுகனுக்குப் பயம் வந்தது.

"நெஞ்சுல என்னமோ புடிக்கிற மாதிரி இருக்கு," என்று தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

பக்கத்து வீட்டு மலையாண்டி ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தான். நேராகப் புதுக்கோட்டைக்கே போய்விடலாம் என்றுதான் அவன் முதலில் சொன்னான். மீனம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. அம்புட்டுத் தூரம் எதற்கு, நம்ம ஆஸ்பத்திரியிலேயே ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்றாள். நம்ம ஆஸ்பத்திரி என்பது திருவரங்குளத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். வாசலில் இரண்டு வாழை மரம் கட்டியிருந்தது. பலூன் தொங்கியது. உள்ளே நான்கைந்து வண்டிகள் நின்றன.

"ஆத்தாவுக்கு நல்ல நேரம்," என்றான் மலையாண்டி. "ஒத்த டாக்டரப் பாக்கவே தவங் கெடக்கணும். இன்னைக்கி மொத்தப் பேரும் இருக்காக."

மொத்தப் பேரும் இருந்தார்கள். வாசலுக்கு மேல் ஒரு பேனர். 'பல துறை, ஒரே கரம்: கிராம சுகாதாரத்தில் கூட்டுக் கற்றல் முகாம்.' டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், ரத்தப் பரிசோதனைக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர், இன்னும் சுற்றுவட்டாரக் கிராமத்து நர்சுகள் எல்லாரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வரும் முதல் நோயாளியை எல்லாரும் ஒரே குழுவாகப் பார்ப்பதுதான் முகாமின் முக்கிய நிகழ்ச்சி. பலூனையும் வாழை மரத்தையும் பார்த்த சனங்கள் யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. முதல் நோயாளி கிடைக்காமல் நிகழ்ச்சி தடைப்பட்டுக் கிடந்தது.

அதனால் மீனம்மாள் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறியபோது எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

முகாமை நடத்தியவர் பெயர் ஞானமணி. கைகோப்பு மையம் என்று ஒன்றிலிருந்து வந்தவர். கழுத்தில் அட்டையோடு ஒரு விசிலும் தொங்கியது. மீனம்மாளைக் கட்டிலில் படுக்க வைத்ததும் அவள் சேலையில் ஒரு வட்ட அட்டையைக் குத்திவிட்டார். 'நான் குழுவின் மையம்' என்று அதில் எழுதியிருந்தது.

டாக்டர் வெற்றிசெல்வன் வந்து கேட்டார். எப்போதிலிருந்து வலிக்கிறது, எங்கே வலிக்கிறது, கை வரைக்கும் பரவுகிறதா. மீனம்மாள் சொன்னாள். அடுத்து நர்ஸ் ரம்யா வந்து எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டார். அடுத்து மருந்தாளுநர் கண்ணுசாமி. அடுத்து ரத்தப் பரிசோதனை பெரியகருப்பன். ஒருவர் கேட்டதை இன்னொருவர் காதால் கேட்டு எழுதக்கூடாது, ஒவ்வொரு துறையும் தன் கண்ணால் பார்த்துப் பிறகு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது முகாமின் விதி. அந்தந்தத் துறைக்கு ஒரு நிறத்தில் காகிதம். எல்லாக் காகிதமும் சுவரில் ஒட்டப்பட்டது. எல்லாவற்றிலும் நெஞ்சு வலி என்றுதான் இருந்தது.

"நான் பெரிய மனுஷியானப்பக்கூட இம்புட்டுப் பேரு வந்து என்னைப் பாக்கல," என்றாள் மீனம்மாள். ரம்யா சிரித்துக்கொண்டே அவள் நெஞ்சில் ஒயர்களைப் பொருத்தி ஈசிஜி எடுத்தார். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைச் சேவுகன் பார்த்தார்.

"இவங்கள உடனே புதுக்கோட்டைக்கு அனுப்பணும்," என்றார் டாக்டர்.

ஞானமணி புன்னகைத்தார். "டாக்டர் சொல்றார். குழு சொல்லுதா?"

காலையில் நடந்த முதல் விளையாட்டிலேயே டாக்டருக்கு ஒரு சிவப்பு அட்டை விழுந்திருந்தது. மற்றவர்களைக் கலக்காமல் தனியாக முடிவெடுக்கிறவர் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. இரண்டாவது அட்டை விழுந்தால் அவர் பெயர் மேலிடத்துக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. ஈசிஜி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு, "குழுவா முடிவு பண்ணலாம் சார்," என்றார்.

"வண்டிய எடுக்கவா?" என்றான் ஆம்புலன்ஸ் டிரைவர் பிச்சை.

"நீங்களும் இன்னைக்கு டிரைவர் மட்டும் இல்ல பிச்சை. நீங்களும் கத்துக்கிறவர்," என்றார் ஞானமணி.

டாக்டர் ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். அந்த ஒன்றையாவது அவர் யாரையும் கேட்காமல் செய்தார்.

முகாமின் கையேட்டில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. கூட்டு முடிவு எடுப்பதற்கு முன்னால் மனங்கள் ஒன்றாக வேண்டும். மனங்கள் ஒன்றாக, சிக்கெடுப்பு என்றொரு பயிற்சி. எல்லாரும் வட்டமாக நின்று கைகளைக் குறுக்கும் மறுக்குமாக நீட்டி, யார் கை கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு குனிந்தும் நுழைந்தும் திரும்பியும் சிக்கலைப் பிரித்து ஒரே வட்டமாக நிற்க வேண்டும். நடுவில் யாரும் கையை விடக்கூடாது. விட்டால் குழுவின் மதிப்பெண் போய்விடும். ரொம்ப நேரம் ஆகாது என்றார் ஞானமணி.

நோயாளியை வட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருந்தது. ஆனால் அறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த கதவில் கட்டில் நுழையவில்லை. கொஞ்ச நேரம் சாய்த்தும் திருப்பியும் பார்த்தார்கள். மீனம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். கடைசியில் கட்டிலை அறையிலேயே விட்டுவிட்டு, அவளுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வட்டத்தின் நடுவில் போட்டார்கள். 'நான் குழுவின் மையம்' அட்டையை அவள் சேலையிலிருந்து கழற்றி நாற்காலியில் குத்தினார்கள்.

"அய்யா, நீங்களும் வாங்க," என்று ஞானமணி சேவுகனைக் கூப்பிட்டார். "குடும்பம்தான் குழுவோட முதல் உறுப்பினர்."

"நான் இவ பக்கத்துல இருந்துக்கிறேங்க."

"அவங்களுக்காகத்தானே எல்லாரும் நிக்கிறோம். புருஷன் நீங்க இல்லாம எப்படி?"

சேவுகன் மீனம்மாளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஒன்று சொன்னால் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத வீடு அவர்களுடையது.

"போங்க. டாக்டரே நின்னுக்கிட்டு இருக்காரு. நீங்க மாப்பிள்ள முறுக்குக் காட்டிக்கிட்டு," என்றாள் மீனம்மாள்.

போனார். இடது கையை டாக்டர் பிடித்துக்கொண்டார். வலது கையை யாருடைய அக்குளுக்குக் கீழேயோ நீட்டியபோது வியர்த்திருந்த ஒரு கை அதைப் பற்றிக்கொண்டது. யார் கை என்று தெரியவில்லை. விசில் ஊதியதும் எல்லாரும் ஒருவருக்குள் ஒருவர் நுழைந்தார்கள். சேவுகனின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. எதிரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்கிய ஒரு தாள் மட்டும்தான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அந்த அறை. திரும்பிப் பார்க்கலாமென்றால் கழுத்துக்குக் குறுக்கே கண்ணுசாமியின் முழங்கை. எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நர்சின் செருப்பு கழன்றுவிட்டதற்காக இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

அப்போது அவருடைய வலது கையைப் பிடித்திருந்த கை நழுவிப் போனது.

அவருடைய விரல்கள் காற்றில் நின்றன. யாரோ வட்டத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். மீனம்மாளைப் பார்க்கத்தான் போயிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நெஞ்சிலிருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

சிக்கல் பிரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நாற்காலியை நடுவில் வைத்து போட்டோ எடுத்தார்கள். கூட்டு முடிவு ஒருமனதாக எடுக்கப்பட்டது. புதுக்கோட்டைக்கு உடனே அனுப்ப வேண்டும். அதைச் சொல்ல ரம்யா அறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு டாக்டர் மீனம்மாளின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று யாரோ சொன்ன பிறகும் அமுக்கினார்.

மகள் இலக்கியா பொன்னமராவதியிலிருந்து வந்தாள். அழுது ஓய்ந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மாகிட்ட யாருப்பா இருந்தா?"

"ஒருத்தர் போனாகத்தா."

"யாரு?"

"தெரியல. மொகத்தப் பாக்க முடியல. கை மட்டுந்தேன்."

"அவுகளக் கண்டுபுடிச்சுக் கேளுப்பா. அம்மா என்ன சொல்லுச்சுன்னு. எதாச்சும் சொல்லியிருக்கும்ல. என்னைக் கேட்டுருக்கும்."

கருமாதி முடிந்ததும் சேவுகன் கிளம்பினார். யார் மேலும் குறை சொல்லப் போகவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும், மீனம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

"அன்னைக்கி வட்டத்துல இருந்து கைய விட்டுட்டுப் போனது நீங்கதானாம்மா?" என்று ரம்யாவிடம் கேட்டார்.

ரம்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் விடவே இல்லைங்க அய்யா. சத்தியமா விடல. என் மேல ஒண்ணும் எழுதிக் குடுத்துராதீங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல."

கண்ணுசாமி செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அதில் அவருடைய இரண்டு கைகளும் வேறு இரண்டு கைகளைப் பிடித்திருந்தன. "பாருங்க. நல்லாப் பாருங்க. எங்கயாச்சும் விட்டுருக்கனா? இந்தா, வெரலக்கூட விடல."

"விட்டிருந்தா நல்லதுன்னுதான் கேக்குறேன்."

"நல்லதா? என்னண்ணே பேசுறீக. ஒருத்தருமே கைய விடலைன்னு மேல எழுதிப் போயாச்சு. அதுக்குத்தானே ஃபுல் மார்க்கு."

பெரியகருப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார். அப்படியொரு கை விட்டதாகச் சேவுகன் வெளியில் எங்கும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம் என்றும், அது மொத்தக் குழுவின் பெயரையும் கெடுக்கும் என்றும், சேவுகனும் அந்தக் குழுவில் ஒருவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது என்றும் சொன்னார்.

டாக்டர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "என் ஒரு கை உங்ககிட்ட இருந்துச்சு. இன்னொரு கை ரம்யா சிஸ்டர்கிட்ட," என்றார். பிறகு, "நான் விட்டிருக்கணும்," என்றார். அவர் கண்ணைப் பார்க்கச் சேவுகனுக்குச் சங்கடமாக இருந்தது.

பிச்சையைப் பிடிக்க முடியவில்லை. எப்போது போனாலும் ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தது.

சித்திரையில் சேவுகனுக்கு ஒரு அழைப்பு வந்தது. அதே ஹாலில் 'பகிர்ந்து கற்கும் விழா'. அந்தக் குழுவுக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள். குடும்பத் தரப்பு உறுப்பினர் என்ற முறையில் அவருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அவர் கழுத்திலும் அட்டை மாட்டினார்கள். ஒவ்வொரு துறையும் அந்த நாளைப் பற்றித் தான் கற்றுக்கொண்டதைப் பகிர்ந்தது. தன் துறையில் எந்த மருந்தும் இருப்பு இல்லாமல் போகவில்லை என்று கண்ணுசாமி கற்றுக்கொண்டிருந்தார். நோயாளியின் ரத்தத்தில் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது என்று மறுநாள் வந்த முடிவிலிருந்து பெரியகருப்பன் கற்றுக்கொண்டிருந்தார். மற்றவர்களின் துறையை மதிக்கக் கற்றுக்கொண்டேன் என்று ரம்யா தாளைப் பார்த்துப் படித்தார். டாக்டர் லீவில் போயிருந்தார்.

தலைமை தாங்க வந்த உயர் அதிகாரி உதயசூரியன் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு காலத்துல ஒரு சாவு விழுந்தா, யார் பொறுப்பு, யார் பொறுப்புன்னு கேப்பாங்க. ஒரு டாக்டர் மாட்டுவார், இல்லன்னா ஒரு நர்ஸ் மாட்டுவாங்க. எவ்வளவு பெரிய மன உளைச்சல். இன்னைக்கு நாம பொறுப்பைப் பகிர்ந்துக்கிறோம். இத்தனை பேர் பகிர்ந்துக்கிட்டா ஆளுக்கு எவ்வளவு வரும்? தேடினாலும் கிடைக்காது. அதுதான் குழு உணர்வோட வெற்றி. அந்தம்மா நம்மள விட்டுப் போயிட்டாங்க. ஆனா குழு கலையல. பக்கத்து அறையில ஒரு உயிர் ஊசலாடிக்கிட்டு இருந்த அந்த நேரத்துலயும், இந்தக் குழுவுல ஒருத்தர்கூட வட்டத்தை விட்டு வெளியே போகல. இந்தக் கட்டுப்பாட்டை நான் வேற எங்கயும் பாக்கல."

பலத்த கைதட்டல்.

அடுத்து குடும்பத் தரப்பு பேசும் என்றார் ஞானமணி. சேவுகன் எழுந்தார். மைக்கில் பேசிப் பழக்கமில்லை. கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"அய்யா சொன்னது சரியில்லைங்க. ஒருத்தர் போனாக. எங் கையப் புடிச்சிருந்தவுக. கைய விட்டுட்டு எம் பொஞ்சாதியப் போய்ப் பாத்துட்டு வந்தாக. அவுக இங்கதேன் இருக்காக. யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவேன். எம் மக கேட்டுக்கிட்டே இருக்கு."

உதயசூரியன் ஞானமணியைப் பார்த்தார். அப்படி நடந்திருக்க வாய்ப்பே இல்லை, தான் கண் கொட்டாமல் கவனித்ததாக ஞானமணி சொன்னார். விதிமீறல் நடந்ததாகப் பகிரங்கமாக ஒரு குற்றச்சாட்டு வந்துவிட்டது, இனி அதை விட முடியாது என்றார் உதயசூரியன். கையை விட்டவர் யார் என்று கண்டுபிடிக்க அங்கேயே ஒரு விசாரணைக் குழு போடப்பட்டது. துறைக்கு ஒருவர். குடும்பத் தரப்பில் சேவுகன். விசாரணைக் குழுவினர் ஒரே மனதோடு செயல்படுவதற்காகச் சாயங்காலம் அவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு என்று ஞானமணி அறிவித்தார். கேடயம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. ரம்யா அழுதுகொண்டே வெளியே போனார்.

டீ கொடுக்கிற இடைவேளையில் பிச்சை வந்து சேவுகனின் முழங்கையைத் தொட்டான். கொல்லைப் பக்கம், வண்டி நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"கைய விட்டது நான்தாங்க."

சேவுகன் இரண்டு கையையும் கூப்பினார். பிச்சை அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"கும்பிடாதீங்க அண்ணே. நான் போகல. மூக்கு மேல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. ஊதிப் பாத்தேன், போகல. அதான் கைய விட்டு வெரட்டுனேன். மறுபடி உங்க கையப் புடிச்சுக்கிட்டேன்."

சேவுகன் தன் வலது கையைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்குண்ணே. அத யார்கிட்டயும் சொல்லல. நான் நின்ன எடத்துல இருந்து கதவு நேரா இருந்துச்சு. அக்கா கட்டில் தெரிஞ்சுச்சு. அக்கா கையத் தூக்குனாக." பிச்சை தன் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தமா, அக்காவும் வெளையாட்டப் பாத்துட்டுக் கை காட்டுறாகன்னு நெனச்சேன். ஈய வெரட்டுன கையால நானும் பதிலுக்குக் கை ஆட்டுனேன்."

அவன் உதடு கோணியது. சேவுகன் அவன் தோளில் கை வைத்தார். ஏன் வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஹாலில் விசில் ஊதினார்கள். பிச்சை முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

சேவுகன் ஹாலுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக அந்த அறைக்குப் போனார். கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். காய்ச்சல் போல. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. துணைக்கு யாரும் இல்லை. ஹாலுக்குப் போகிற கதவைச் சாத்தியிருந்தார்கள். அவர் ஸ்டூலை இழுத்துக் கட்டில் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

செல்போன் அடித்தது. இலக்கியா.

"தெரிஞ்சுச்சாப்பா?"

"தெரிஞ்சுச்சுத்தா."

"யாரு போனா?"

"யாரும் போகலத்தா."

இலக்கியா கேட்டாள். "அம்மா கூப்புட்டுச்சாமா?"

"கையத் தூக்குச்சாம்."

போன் அணைந்துவிட்டதா, மகள் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. காதிலேயே வைத்திருந்தார். கட்டிலில் இருந்த பெண் கண்ணைத் திறந்து தண்ணி வேண்டுமென்று சைகை காட்டினாள். எழுந்து பாட்டிலைத் திறந்து கொடுத்தார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவர் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"நீங்க அந்தக் கூட்டத்து ஆளுங்களாய்யா? ரொம்ப நேரமா ஒருத்தரக் கூப்புடுறேன், யாருக்கும் கேக்கல. ஆனா அங்க பேசுறது பூராம் இங்க கேக்குது."

சேவுகன் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், யாரும் எந்தக் காரணத்துக்காகவும் கையை விட்டுவிடக் கூடாது என்று ஞானமணி சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கோ செருப்பு கழன்று எல்லாரும் சிரித்தார்கள். கட்டிலில் இருந்து கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது.